கசையும் கடிகாரமும்: ‘பிளாக் பாப்’ கிராஃபோர்ட்

கேள்வி இதுதான்: நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் படையில் ‘பிளாக் பாப்’ என்று பெயர் எடுத்த ஜெனரல் ராபர்ட் கிராஃபோர்ட், சொல்லப்படுகிற அளவுக்குக் கொடுமைக்காரரா? அப்படியென்றால், விடுப்பு முடிந்து அவர் திரும்பி வந்த அன்று, அவரிடம் கசையடி பட்ட சிப்பாய்களே ஏன் ஆரவாரம் செய்தார்கள்?

கசையடி உண்மை, ஆரவாரமும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து. கிராஃபோர்டின் கண்டிப்பைக் கோபக்காரன் ஒருவனின் குணமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அது நிமிஷங்களை வைத்துப் போட்ட ஒரு கணக்கு. ஒரு படை எத்தனை நிமிஷத்தில் எழுந்து நிற்கும், ஓர் ஓடையைக் கடக்க எத்தனை நிமிஷம் வீணாகும், முகாமுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், சோறு எப்போது வேகும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. கணக்கின்படி நடந்த இடங்களில் அவருக்கு இணையாக அந்தப் படையில் யாருமில்லை. கணக்கை விட்டுத் தன்மானத்தின் பின்னே போன இடங்களில் தன் ஆட்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டு போனார்.

முதலில் பிறப்பு வளர்ப்பு. 1764 மே 5 அன்று ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் பிறந்தார். தந்தை பேரனட் பட்டம் பெற்றவர்; ராபர்ட் மூன்றாவது மகன். மூத்தவனுக்குத்தான் பட்டமும் சொத்தும் போகும் என்பதால் இளையவர்கள் பட்டாளத்துக்கோ தேவாலயத்துக்கோ போவது வழக்கம். 1779-ல், 15 வயதில், 25-ம் ரெஜிமென்டில் சேர்ந்தார். மற்ற இளம் அதிகாரிகள் சீட்டாடிக் கழித்த காலத்தில் இவர் ஜெர்மன் மொழி படித்தார், பிரஷ்யப் படையின் முறைகளை நேரில் போய்ப் பார்த்தார், சகோதரர் சார்லஸுடன் சேர்ந்து ஏழாண்டுப் போர் பற்றிய ஒரு ஜெர்மன் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த ஜெர்மன் மொழி பின்னால் அவருக்கு எப்படி உதவியது என்பதற்கு வருகிறேன்.

75-ம் ரெஜிமென்டின் கேப்டனாக 1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் இருந்தார். திண்டுக்கல்லும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன போர் அதுதான். அதற்குப் பிறகு ஆஸ்திரியப் படையோடு இணைப்பதிகாரி, 1798-ல் அயர்லாந்துக் கிளர்ச்சியின்போது தலைமையக அதிகாரி, 1799-ல் சுவிட்சர்லாந்தில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படையோடு பிரிட்டிஷ் பிரதிநிதி என்று போனது. அன்றைய ஐரோப்பாவின் பெரிய படைகள் நடக்கும் விதத்தையும் தடுமாறும் விதத்தையும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் வெகு சிலரே.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பிறர் படையோடு பார்வையாளராகச் சுற்றுபவனுக்குச் சொந்தப் படையில் பதவி ஏறாது. கர்னல் ஆனபோது 1805; வயது 41. இவரைவிட ஐந்து வயது இளையவரான ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளின் வெலிங்டன், 1802-லேயே மேஜர் ஜெனரல். இந்தப் புண் கடைசிவரை ஆறவில்லை. தனக்குக் கீழே வரவேண்டியவர்கள் மேலே போய்விட்டார்கள், தன் பிரிவை எந்த நாளும் மூத்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற அச்சம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அவருடைய தவறுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சொந்தமாக ஒரு பிரிவை நடத்தக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு தோல்வியில் முடிந்தது. 1807 ஜூலை 5 அன்று ஜெனரல் வைட்லாக் தலைமையில் பியூனஸ் அயர்ஸ் நகரைத் தாக்கினார்கள். படையைப் பல சிறு அணிகளாகப் பிரித்து, குண்டு போடாத துப்பாக்கியோடு, நீண்ட நேர்த் தெருக்களில் அனுப்பினார் வைட்லாக். அந்த ஊர் வீடுகளுக்குத் தட்டையான மொட்டைமாடி. மேலிருந்து சுட்டவர்களுக்குக் கீழே தெருவில் வந்தவர்கள் வசமாக மாட்டினார்கள். கிராஃபோர்டின் அணி சாந்தோ தொமிங்கோ மடாலயத்துக்குள் அடைபட்டது. வெளியேறிவிடலாம் என்று உடனிருந்த கர்னல் பேக் சொன்னார். கிராஃபோர்ட் இருப்பது என்று முடிவெடுத்தார். பிற்பகலில் சரணடைய வேண்டியதாயிற்று. போர்த்தீர்ப்பு மன்றத்தில் வைட்லாக் பதவி பறிக்கப்பட்டார், கிராஃபோர்ட் மேல் பழி விழவில்லை. சரணடைந்த அவமானம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

இனி கசையடி. அன்றைய பிரிட்டிஷ் படையில் சிப்பாயைக் கசையால் அடிப்பது சட்டப்படியான தண்டனை, கிராஃபோர்ட் கண்டுபிடித்ததல்ல. 1807-ல்தான் ஒரு தீர்ப்பில் ஆயிரம் அடி போதும் என்று அரசர் வரம்பு சொன்னார். 1812-ல் ரெஜிமென்ட் அளவிலான மன்றங்களுக்கு 300 என்று குறைத்தார்கள். அடியோடு எடுத்தது 1881-ல். எதிரில் நின்ற பிரெஞ்சுப் படையில் அந்தத் தண்டனையே கிடையாது. அடித்தது ஒன்பது கயிறு கொண்ட சாட்டையால். சார்ஜென்ட்களின் ஈட்டிக் கம்புகளை முக்கோணமாக நட்டு அதில் கட்டுவார்கள், ஈட்டி இல்லாத ரைஃபிள் படையில் மரத்தில் கட்டுவார்கள். தம்பட்டக்காரர்களோ கொம்பு ஊதுபவர்களோ முறை மாற்றி அடிப்பார்கள். ரெஜிமென்ட் முழுவதும் சதுரமாக நின்று பார்க்க வேண்டும், மருத்துவர் அருகில் இருப்பார். இதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. அதே பிரிட்டிஷ் படையின் 95-ம் ரைஃபிள் ரெஜிமென்டிலும் 52-ம் ரெஜிமென்டிலும், இங்கிலாந்தின் ஷார்ன்கிளிஃப் முகாமில் ஜெனரல் சர் ஜான் மூரும் கென்னத் மெக்கென்ஸியும் அடியைக் குறைத்து, சிப்பாயின் சுயமரியாதையை வளர்த்தே சிறந்த இலகு காலாட்படையை, அதாவது முன்னால் விரைந்து சென்று சிதறி நின்று சுடும் படையை, உருவாக்கியிருந்தார்கள். மூர் வளர்த்த அந்த ஆட்கள்தான் கிராஃபோர்டின் கைக்கு வந்தார்கள். ஆகவே அடி இல்லாமல் நல்ல படை வராது என்று யாராவது சொன்னால் அது பொய்.

கிராஃபோர்டின் பெயர் கெட்டது 1808-09 குளிர்காலப் பின்வாங்கலில். நெப்போலியனே ஸ்பெயினுக்குள் வந்துவிட, மூரின் படை கொருன்யா துறைமுகம் நோக்கி ஓடியது. டிசம்பர் 31 அன்று இலகு காலாட்படையின் இரண்டு பிரிகேடுகளைத் தனியே பிரித்து வீகோ துறைமுகத்துக்கு அனுப்பினார்கள், ஒன்று கிராஃபோர்டுடையது. மலைப்பாதை, பனி, சோறில்லை, காலில் செருப்பில்லை. அப்படிப்பட்ட நடையில் சாவது எதிரி சுட்டல்ல. வரிசையை விட்டு ஓரமாக உட்காருகிறவன் தூங்குவான், தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். சாராயக் கிடங்கு கண்ணில் பட்டால் கம்பெனியே, அதாவது பட்டாலியனின் ஒரு பிரிவே, கரைந்துவிடும். முதன்மைப் படையில் அப்படித்தான் பெம்பிப்ரே ஊரில் நடந்தது.

இந்த நடையைப் பற்றி நமக்கு நேரடி சாட்சி ஹாரிஸ் என்ற ரைஃபிள் சிப்பாய். செருப்புத் தைப்பவர், அதிகாரி அல்ல. அவர் சொல்வது: ஹோவன்ஸ் என்ற சிப்பாய், இப்படி வதைப்பதற்குப் பதில் தின்னக் குடிக்க எதாவது பார்க்கலாமே என்று முணுமுணுத்தான். கிராஃபோர்ட் காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே மன்றம் கூட்டி 300 அடி விதித்தார். மறுநாள் விடியலில் அவர் நின்றபோது தலைமுடியிலும் தாடியிலும் புருவத்திலும் உறைபனி வெள்ளையாகப் படிந்து, ஒரே இரவில் கிழவர் ஆனதுபோல் இருந்தாராம். அடி நிறைவேறியது. ஹோவன்ஸின் மனைவி பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் தன் மேலங்கியைப் போர்த்தி, அவனுடைய மூட்டையையும் சட்டையையும் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அதே ஹாரிஸ்தான் இன்னொன்றையும் சொல்கிறார். ஆற்றைக் கடக்கும்போது ஓர் அதிகாரி, கால் நனையக் கூடாதென்று ஒரு சிப்பாயின் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். கிராஃபோர்ட் பார்த்துவிட்டார். தானும் தண்ணீரில் இறங்கி வந்து, அந்த ஆளை அங்கேயே கீழே போடச் சொன்னார். நடு ஆற்றில் அதிகாரி விழுந்தார். கரைக்குத் திரும்பிப் போய், மற்றவர்களைப் போல நடந்து வா என்று கட்டளை. சிப்பாய்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரை அடித்தார் என்றால் நூற்றுக்கணக்கானவர்களைச் சாவிலிருந்து காப்பாற்றினார் என்பது ஹாரிஸின் தீர்ப்பு. அடிபட்டவர்களின் வரிசையில் நின்ற ஒருவர் சொன்னது என்பதால் அதற்கு எடை உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராஃபோர்டைப் பற்றிய கசப்பான வார்த்தைகளில் பெரும்பகுதி அதிகாரிகளுடையது: 95-ன் கேப்டன் லீச், 43-ன் வில்லியம் நேப்பியர் போன்றவர்கள். இவர் சிப்பாயிடம் கேட்டதை அதிகாரியிடமும் கேட்டார். அன்றைய பிரிட்டிஷ் கனவான்களுக்கு அது பொறுக்கவில்லை.

அடுத்து, அவருடைய நிலையாணைகள். இலகு டிவிஷனுக்கு அவர் வகுத்த விதிகள் பின்னால் அச்சாகி, அடுத்த தலைமுறைக்குப் பாடமாகவே ஆயின. அதில் மிகவும் திட்டு வாங்கிய விதி: வழியில் குட்டையோ ஓடையோ சேறோ வந்தால் யாரும் சுற்றிப் போகக் கூடாது, வரிசை கலையாமல் நேரே நடந்து கடக்க வேண்டும். சும்மா வதைக்கப் போட்ட விதிபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டாலியன் என்றால் 800, 900 பேர். ஒரு குட்டையில் கால் நனையாமல் கல் மேலும் கரை மேலும் ஒவ்வொருவராகத் தாண்டினால் பத்து நிமிஷம் போகும். பிரிகேடில் மூன்று பட்டாலியன்; கடைசிப் பட்டாலியனுக்கு அரை மணி. ஒரு நாள் நடையில் இப்படிப் பத்து இடம் வந்தால் ஐந்து மணி நேரம். முன்னால் போகிறவன் பிற்பகலில் முகாம் சேர்ந்து விறகு பொறுக்கிச் சமைத்துத் தூங்கிவிடுவான். பின்னால் வருகிறவன் நாளெல்லாம் நிற்பதும் ஓடுவதுமாகக் களைத்து, இருட்டில் வந்து, விறகில்லாமல், வேகாத இறைச்சியோடு படுப்பான். அவன்தான் மறுநாள் வழியில் விழுவான். வரிசை நீளும்போது வால் பக்கம்தான் சாகும் என்பதை ஆஸ்திரியர்களிடமும் ரஷ்யர்களிடமும் அவர் பார்த்திருந்தார். நனைந்த கால் காய்ந்துவிடும், போன ஐந்து மணி நேரம் திரும்பாது.

மற்ற விதிகளும் இதே நூலில் கோத்தவைதான். கம்பெனி அதிகாரி தரும் சீட்டு இல்லாமல் யாரும் வரிசையை விட்டு வெளியேற முடியாது. உண்மையிலேயே முடியாதவனுக்குச் சீட்டு கிடைக்கும், அவன் பின்னால் வரலாம். சீட்டில்லாமல் பின்தங்கியவன் கொள்ளையடிக்கப் போனவன் என்றே கணக்கு; மாலை முகாமில் விசாரணை. தண்ணீர்க் குடுவையைப் புறப்படும் முன்பே நிரப்பிவிட வேண்டும், ஊற்றைக் கண்ட இடமெல்லாம் குனிந்து குடிக்கக் கூடாது. குறித்த இடைவெளியில் எல்லோருக்கும் சேர்த்து ஓய்வு. ஒவ்வொரு கம்பெனிக்கும் அபாய நேரத்தில் கூட வேண்டிய இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். படுக்கப் போகும் முன் ஒவ்வொருவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பலன் என்ன? நள்ளிரவில் கொம்பு ஊதினால் ஏழு நிமிஷத்தில் டிவிஷன் ஆயுதத்தோடு நிற்கும். கால் மணி நேரத்தில் போர் அணிவகுப்பு தயாராகி, மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதைகளில் ஏறிப் பின்னால் நிற்கும். இதைப் பதிவு செய்தவர் அவரை வெறுத்த அதே நேப்பியர்.

ரொட்டி விஷயத்திலும் அப்படித்தான். குறித்த நேரத்துக்கு உணவு வராவிட்டால் தூக்கில் போடுவேன் என்று உணவு வழங்கும் அதிகாரி ஒருவரை மிரட்டியதாகவும், அவர் போய் முறையிட்டபோது, ‘அப்படிச் சொன்னாரா? அவர் சொன்னால் செய்வார், நீர் உணவைக் கொண்டு வந்துவிடும்’ என்று வெலிங்டன் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. இதையே ஜெனரல் பிக்டன் பெயரிலும் சொல்வார்கள், ஆகவே கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராஃபோர்டின் ஆட்கள் பட்டினி கிடந்தது குறைவு என்பது கதையல்ல.

1809 ஜூலையில் இந்த முறைக்குச் சோதனை வந்தது. 43, 52, 95 ரெஜிமென்ட்களின் முதல் பட்டாலியன்களோடு லிஸ்பனில் இறங்கி, ஸ்பெயினின் தலவேராவில் படைத்தலைவர் வெல்லஸ்லியோடு சேர ஓடினார். வழியில் எதிர்ப்பட்ட ஓடுகாலிகள், எல்லாம் தோற்றுப்போயிற்று என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கோடை வெயில், ஆளுக்கு 50 முதல் 60 பவுண்டு, அதாவது 23 முதல் 27 கிலோ, சுமை. 26 மணி நேரத்தில் 62 மைல் நடந்ததாக நேப்பியர் எழுதினார். பின்னால் வழியை அளந்து பார்த்தவர்கள் அதைச் சுமார் 43 மைல், 22 மணி நேரம் என்று திருத்தினார்கள். திருத்திய கணக்கே 70 கிலோமீட்டர் ஆகிறது. 29-ம் தேதி காலை போய்ச் சேர்ந்தார்கள். போர் முந்தின நாளே முடிந்துவிட்டது. ஆனாலும் சேர்ந்த கையோடு முன்காவல் வேலையை ஏற்றார்கள்.

போர்க்களம் எதையும்விட, என் மதிப்பில், அவருடைய மிகச் சிறந்த வேலை 1810 மார்ச் முதல் ஜூலை வரை, ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லையருகே அகெதா ஆற்றங்கரையில் நடந்தது. பிப்ரவரியில் அவருடைய பிரிகேட் இலகு டிவிஷனாக வளர்ந்திருந்தது: மூன்று பிரிட்டிஷ் பட்டாலியன், போர்ச்சுகலின் கசதோர் எனப்படும் இலகு பட்டாலியன் இரண்டு, கேப்டன் ராஸின் குதிரைப் பீரங்கி அணி, ஹனோவர் ஜெர்மானியர்களின் முதல் ஹுஸ்ஸார் குதிரைப்படை. எதிரில் பிரெஞ்சு மார்ஷல் நேயின் முழுக் கோர், அதாவது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை. நான்காயிரம் பேரை வைத்து ஏறக்குறைய 40 மைல் எல்லையைக் காக்க வேண்டும்.

எப்படிச் செய்தார்? ஆற்றைப் படித்தார். அகெதா மலையாறு, மழை பெய்தாலோ பனி உருகினாலோ ஒரே இரவில் பல அடி ஏறும். ஆழம் ஏறினால் இறங்குதுறைகள் மூழ்கிவிடும், பாலங்களை மட்டும் காத்தால் போதும். வடிந்தால் ஒவ்வொரு துறையிலும் ஆள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு துறையின் ஆழமும் நாள்தோறும் அவருக்கு வந்தாக வேண்டும். அதைப் பொறுத்துக் காவல் விரியும், சுருங்கும். ஆற்றங்கரையில் ஜெர்மன் ஹுஸ்ஸார்கள் இருவர் இருவராக நின்றார்கள். எதிரி அசைந்தால் குதிரையை வட்டமாகச் சுற்ற வைப்பார்கள். அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் செய்தி புரிந்துவிடும். இளமையில் கற்ற ஜெர்மன் இங்கே கைகொடுத்தது: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்தக் குதிரைவீரர்களிடம் நேரே பேசி, அறிக்கை கேட்டு, கட்டளை கொடுத்தார். குன்றுகளில் தீப்பந்தக் கம்பங்கள். ரைஃபிள் கம்பெனிகள் அதற்குப் பின்னால், 43-ம் 52-ம் இன்னும் பின்னால். சிலந்தி வலையில் எந்த மூலை ஆடினாலும் நடுவில் தெரிவதுபோல ஓர் ஏற்பாடு.

மார்ச் 19 இரவு, பார்பா தெல் புவேர்கோ பாலத்தில் பிரெஞ்சு ஜெனரல் ஃபெரே 600 பேரோடு இருட்டில் வந்து காவலர்களைச் சத்தமில்லாமல் வீழ்த்தினார். அரை உடுப்பில் எழுந்து ஓடிவந்த கர்னல் பெக்வித்தின் ரைஃபிள்காரர்கள் அவர்களைப் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டார்கள். அந்த நான்கு மாதத்தில் அந்த வலையை எதிரியால் ஒருமுறைகூட ஊடுருவ முடியவில்லை.

இதே மனிதர்தான் ஜூலையில் இரண்டு தடவை சறுக்கினார். முதல் சறுக்கல் சிறியது: ஜூலை 11 அன்று பார்கில்லா அருகே, 200 பேர் கொண்ட ஒரு பிரெஞ்சுக் காலாட் கம்பெனியைப் பிடிக்கப் பல மடங்கு குதிரைப்படையோடு போனார். பட்டாலியன்களையும் பீரங்கியையும் காத்திருந்து சேர்த்தடிக்காமல் குதிரை அணிகளைத் துண்டுதுண்டாக ஏவினார். பிரெஞ்சுக்காரர்கள் சதுரமாக நின்று சுட்டு, 14-ம் குதிரைப்படையின் கர்னல் டால்பட்டைக் கொன்றுவிட்டு, ஒழுங்காக நடந்து போய்விட்டார்கள்.

இரண்டாவது, கோவா ஆறு. கடற்கரை கோவா அல்ல. போர்ச்சுகலின் அல்மெய்தா கோட்டைக்கு மேற்கே ஆழமான கற்பள்ளத்தில் ஓடும் ஆறு. அதைக் கடந்து நின்று சண்டை போட வேண்டாம் என்று வெலிங்டன் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். 21-ம் தேதி கன்செப்சியோன் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்த பிறகு ஆற்றின் கிழக்கே நிற்க வேலையே இல்லை. ஆனாலும் மூன்று நாள் நின்றார். தனிப் பொறுப்பு கைநழுவும் என்ற பயம்தான் அவரை அங்கே கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன்.

அவர் நின்ற இடத்தைப் பாருங்கள். இடது முனை அல்மெய்தாவின் பீரங்கிகளை நம்பியிருந்தது, வலது முனை பள்ளத்தாக்கின் விளிம்பில். முதுகுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு, வளைந்து இறங்கும் ஒரே சாலை, அடியில் ஒரே பாலம். 24-ம் தேதி, இரவெல்லாம் இடியும் மழையுமாகப் பெய்து ஓய்ந்த விடியலில், நே ஏறக்குறைய 24,000 பேரோடு வந்தார். முதல் வரிசை தெரிந்ததுமே பின்வாங்கியிருந்தால் பாலம் கடக்க நேரம் இருந்தது. நிற்கலாம் என்று நினைத்தார். பிரெஞ்சு ஹுஸ்ஸார்கள் இடது ஓரத்தில் கோட்டைக்கும் படைக்கும் நடுவே புகுந்து, ஒரு ரைஃபிள் கம்பெனியைப் பக்கவாட்டில் வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு ஓட்டம்தான். பீரங்கியும் குதிரையும் முதலில் பாலத்துக்குப் போக, வளைவில் வெடிமருந்து வண்டி ஒன்று கவிழ்ந்து வழியை அடைத்தது. பாலத்தை மேலிருந்து காக்கும் மேட்டைக் காலி செய்துவிட்டார்கள். அப்போது 52-ன் ஐந்து கம்பெனிகள் இன்னும் ஆற்றின் மேல்பக்கம் வலது ஓரத்தில் மாட்டியிருந்தன. மேடு எதிரி கையில் போனால் அவர்கள் கதை முடிந்தது. 43-ன் மேஜர் மக்லியட் குதிரையைத் திருப்பி, தொப்பியை ஆட்டிக்கொண்டு மேல் நோக்கிப் பாய்ந்தார். கலந்து கட்டிய கம்பெனிகள் பின்னால் ஏறி மேட்டை மீட்டன. அந்தச் சில நிமிஷத்தில் 52-ன் ஆட்கள் பாலத்தைக் கடந்தார்கள்.

காப்பாற்றியது தளபதி அல்ல. பட்டாலியன் அதிகாரிகளும், கலைந்தாலும் தானே கூடிக்கொள்ளத் தெரிந்த சிப்பாய்களும்தான். அந்தப் பழக்கம் ஷார்ன்கிளிஃபிலும் அகெதாவிலும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நே ஒரு தவறு செய்தார்: பாலத்தின் மேல் நேருக்கு நேர் ஆட்களை அனுப்பினார். 300 பேர் கொண்ட ஒரு தேர்ந்த பட்டாலியனில் 200-க்கும் மேல் பாலத்திலேயே விழுந்தார்கள். பிற்பகல் மழையோடு சண்டை ஓய்ந்தது. கிராஃபோர்டுக்கு இழப்பு 333. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைவிட அதிகம். வெலிங்டன் கொதித்தார். ஆனால் கைவிடவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த ஒருவரை, தவறு கணிப்பில்தானே தவிர நோக்கத்தில் இல்லை என்னும்போது, என்னைத் தூக்கிலிட்டாலும் குற்றம் சாட்ட முடியாது என்ற பொருளில் தன் சகோதரருக்கு எழுதினார்.

இரண்டே மாதத்தில், செப்டம்பர் 27 அன்று போர்ச்சுகலின் புசாகோ மலைமுகட்டில், அந்த நம்பிக்கைக்குப் பதில் சொன்னார். 43, 52 இரண்டையும், சுமார் 1,800 பேர், ஒரு பள்ளச் சாலையில் படுக்க வைத்துவிட்டு, ஒரு பாறை மேல் தனியாக நின்று பார்த்தார். பிரெஞ்சு ஜெனரல் லுவாசோனின் டிவிஷன் மூச்சு வாங்க ஏறி வந்து சில கெஜம் நெருங்கியதும் தொப்பியை ஆட்டி, 52-ஐப் பார்த்து, கொருன்யாவில் மாண்ட மூரின் சாவுக்குப் பழிவாங்கச் சொன்னார். சில நிமிஷத்தில் சரிவு காலி. ஜெனரல் சிமோன் சிறைபட்டார்.

1811 பிப்ரவரியில் விடுப்பில் இங்கிலாந்து போனார். கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாலண்டின் மகள் மேரியை 1800-ல் மணந்திருந்தார்; மனைவி மேல் உயிர். வெலிங்டனுக்கு அந்த விடுப்பில் விருப்பமே இல்லை. அவர் இல்லாத மாதங்களில் சர் வில்லியம் எர்ஸ்கின் கையில் டிவிஷன் போனது. ஏப்ரல் 3 அன்று சபுகலில், மூடுபனியில், பெக்வித்தின் பிரிகேடைத் தனியே எதிரியின் நடுவில் விட்டுவிட்டார் எர்ஸ்கின். சிப்பாய்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மே 4 மாலை, ஃபுவென்தெஸ் தெ ஒன்யோரோ களத்தில் கிராஃபோர்ட் திரும்பி வந்தபோது எழுந்த ஆரவாரத்துக்கு இதுதான் பின்னணி. போர்ச்சுகீசிய கசதோர்கள், எங்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும் ஜெனரல் வாழ்க என்று கத்தினார்களாம்.

மறுநாள் அவருடைய 47-வது பிறந்தநாள். வலப்புறத்தில் தனித்து மாட்டிய 7-ம் டிவிஷனை மீட்டுவிட்டு, பிரெஞ்சு ஜெனரல் மொன்ப்ருனின் பெரும் குதிரைப்படை சுற்றிச்சுற்றி வர, திறந்த வெளியில் பட்டாலியன்களைச் சதுரங்களாக நகர்த்தி மைல்கணக்கில் பின்வாங்கினார். சதுரமாக நிற்பது எல்லாப் படைக்கும் தெரியும். அந்த வடிவம் கலையாமல், ஒன்றுக்கொன்று சுடும் எல்லைக்குள் இருந்து காத்துக்கொண்டு நடப்பதுதான் அரிது. ஒரு சதுரம்கூட உடையவில்லை. ஜூன் 4 அன்று மேஜர் ஜெனரல் பதவி வந்தது.

குணம் மட்டும் மாறவில்லை. செப்டம்பரில் ஃபுவென்தே கினால்தோவுக்கு உடனே வரச் சொன்னபோது தாமதித்து மறுநாள்தான் வந்தார். அதுவரை வெலிங்டன் மிகச் சிறு படையோடு பெரும் எதிரிக்கு முன் நிற்க வேண்டியிருந்தது. நீங்கள் பத்திரமாக வந்ததில் மகிழ்ச்சி என்றார் வெலிங்டன். எனக்கு ஆபத்து ஒன்றுமில்லையே என்றார் இவர். உம்முடைய செயலால் எனக்கு இருந்தது என்று பதில் வந்தது.

1812 ஜனவரி 19 இரவு சியூதாத் ரோத்ரிகோ கோட்டையைத் தாக்கினார்கள். மதிலில் பீரங்கியால் ஏற்படுத்திய இரண்டு உடைப்புகளில் சிறியது இலகு டிவிஷனுக்கு. அகழியின் விளிம்பில், தாக்கும் அணிக்குச் சற்று இடப்புறம் தனியாக நின்று, உரத்த குரலில் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். குண்டு கையைத் துளைத்து, விலாவை உடைத்து, நுரையீரல் வழியாகப் போய் முதுகெலும்பருகே தங்கியது. உதவி அதிகாரி ஷா கென்னடி அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தினார். ஐந்து நாள் உயிர் ஊசலாடியது. பார்க்க வந்த வெலிங்டனிடம், தான் அவருக்கு எதிராகப் பேசித் திரிந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஜனவரி 24 அன்று இறந்தார்.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில், அதே இரவில் பெரிய உடைப்பில் மாண்ட ஜெனரல் மெக்கின்னனோடு சேர்த்து அவருக்கு நினைவுச்சிலை உண்டு. உடல் அங்கே இல்லை. அவருடைய ஆட்கள் கைப்பற்றிய அந்த உடைப்பிலேயே, வெலிங்டன் முன்னிலையில் புதைத்தார்கள். அடக்கம் முடிந்து இலகு டிவிஷன் முகாமுக்குத் திரும்பிய வழியில், பாதி உறைந்த சேற்றுநீர் நிறைந்த ஒரு பள்ளம் குறுக்கிட்டது. சுற்றிப் போக இடம் இருந்தது. முன்னால் போன கம்பெனி வரிசை கலையாமல் நேரே அதற்குள் இறங்கி நடந்தது. பின்னால் வந்த கம்பெனிகளும் அப்படியே நடந்தன.